விலைச்சீட்டை மறைத்த பிறகு

மலிவு விலையில் நல்ல இத்தாலிய ஒயின் எது என்று பொன்னேரியில் விசாரிப்பவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். வெளிநாட்டு ஒயினுக்கு 150 சதவீத சுங்கவரி என்பது இந்தியாவில் பல ஆண்டுப் பழக்கம். மாநில வரிகள் தனி. இத்தாலியில் கொத்தனார் இரவுச் சாப்பாட்டோடு குடிக்கிற சரக்கு, சென்னையின் எலைட் மதுக்கடைக்கு வந்து சேர்வதற்குள் கனவான்களின் பானமாகிவிடுகிறது. இருந்தாலும் அந்த விசாரணைக்குள் ஒரு பழைய தத்துவச் சிக்கல் இருக்கிறது. பொருளின் நன்மை பொருளில் இருக்கிறதா, விலையில் இருக்கிறதா, அனுபவிப்பவரின் மனத்தில் இருக்கிறதா? மனத்தில் என்பதே என் கட்சி. ஆனால் எப்படிப்பட்ட மனம் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

விலையின் கட்சிக்காரர்கள் முதலில் தோற்பது நாக்கிடம். ராபின் கோல்ட்ஸ்டைனும் கூட்டாளிகளும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், விலை தெரியாமல் ருசி பார்த்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் இருந்தன. ஒயினில் பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடியதை அதிகம் விரும்பவில்லை. சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள். வரலாறும் இதற்குச் சாட்சி சொல்லும். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாட்டில், யவனர் கொண்டுவந்த மது பொற்கலத்தில் பரிமாறப்படுகிறது. புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த ஆம்போரா சாடித் துண்டுகளில் கணிசமானவை கிரேக்கத்தின் கோஸ் தீவு பாணியைச் சேர்ந்தவை. அந்த ஒயினைக் கடல்நீர் கலந்து இத்தாலியிலேயே தயாரிக்கும் முறையைப் பழைய ரோமானியரான கேட்டோ தன் வேளாண் நூலில் எழுதிவைத்திருக்கிறார். அது அங்கே சாதாரண ரகம். நன்மாறன் குடித்தது அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஓரிடத்தின் அன்றாடச் சரக்கு கடல் தாண்டியதும் அரண்மனைக்குத் தகுந்ததாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு வலுவான தடை எழும். அதே 2008இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே ஒயினைப் பத்து டாலர் என்றும் தொண்ணூறு டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து மூளையைப் படம் எடுத்தார்கள். தொண்ணூறு என்று கேட்டவர்களின் மூளையில், இன்பத்தோடு தொடர்புடைய பகுதி கூடுதலாகவே இயங்கியது. அவர்கள் பாவனை செய்யவில்லை. உண்மையிலேயே அதிகம் ரசித்தார்கள். மனமே அளவுகோல் என்று சொல்லிவிட்டு, விலை கேட்டு மகிழ்கிற மனத்தை மட்டும் எப்படித் தள்ளிவைக்க முடியும்? அப்படித் தள்ளினால், பொன்னேரி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருநின்றவூர்ப் பூசலாரையும் தள்ள வேண்டுமே? கையில் காசில்லாத அவர் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டினார். பல்லவ மன்னன் காஞ்சியில் கல்லால் கட்டிய கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, இறைவன் பூசலாரின் கோயிலுக்குப் போனதாகப் பெரிய புராணம் சொல்கிறது. கண்ணால் பார்க்க அங்கே கட்டடமே இல்லை.

ஆனால் சேக்கிழார் அந்தக் கோயிலை ஒரே மூச்சில் எழுப்பிவிடுவதில்லை. பூசலார் மனத்துக்குள் பொருள் தேடுகிறார், தச்சரைக் கூட்டுகிறார், நாள் பார்க்கிறார், அடித்தளத்திலிருந்து சிகரம் வரை வரிசையாகக் கட்டுகிறார், கிணறுகூடத் தோண்டுகிறார். இரவிலும் கண் மூடவில்லை. ஒரு மேஸ்திரி கேட்கக்கூடிய எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. தொண்ணூறு டாலர் என்று கேட்டு மகிழ்ந்த மனமோ ஒரு வேலையும் செய்யவில்லை; யாரோ போட்ட மதிப்பைக் கடன் வாங்கிக்கொண்டது. இரண்டும் மனத்தில் நடப்பவைதான். ஒன்றில் கவனம் இருக்கிறது, மற்றதில் இல்லை. விலைச்சீட்டை மாற்றினால் இரண்டாவது இன்பம் அந்த நொடியே கரைந்துபோகும். பூசலாரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள ஒரு சீட்டும் இல்லை.

விலைக்கும் உழைப்புக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பரோலோ ஒயினை 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், வைத்திருந்த பிறகே விற்கலாம் என்பது இத்தாலியச் சட்டம். முடங்கிய முதலுக்கு வட்டி கேட்பது நியாயம். ஆனால் அதே நாட்டின் சசிகாயா ஒயின் உலகப் புகழ் பெற்ற பிறகும் ஆண்டுக்கணக்கில் சாதாரண 'மேசை ஒயின்' என்ற கடைசி வகுப்பிலேயே விற்றது. விதிக்குள் அடங்காத திராட்சையில் செய்தார்கள் என்பதே காரணம். முத்திரையும் விலையும் ருசியும் எப்போதும் ஒரே வரிசையில் நிற்பதில்லை என்பதால்தான் அப்ருட்சோவின் மோன்டேபுல்சியானோ, சிசிலியின் நேரோ தாவோலா போன்ற பிரபலம் குறைந்த ஊர்ச் சரக்குகளில் மலிவும் நயமும் சேர்ந்து கிடைக்கின்றன. அதற்கும் கண் வேண்டும். மலிவு ஒயின் பெரும்பாலும் இளமையிலேயே குடிக்கச் செய்தது. அறுவடை ஆண்டு பழையதென்றால் யோசிக்க வேண்டும். நம் வெயிலில் குளிர்சாதனம் இல்லாத அலமாரியில் கிடந்த பாட்டிலில் தக்கை லேசாக மேலே எழும்பியிருக்கும், கழுத்தில் கசிந்த கறை தெரியும். அதை விட்டுவிட வேண்டியதுதான், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

குடியையே விலக்கிய வள்ளுவருக்கு என்ன பதில்? கள்ளுண்ணாமை அதிகாரத்தில் அவர் விலையை ஒரு குற்றமாகச் சேர்த்திருக்கிறார்: பொருள் கொடுத்து, தன்னை அறியாத நிலையை வாங்குகிறவனை அறிவில்லாதவன் என்கிறார். என் வாதம் அவரோடு மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் பக்கமே சாய்கிறது. கவனம்தான் நன்மையின் இருப்பிடம் என்றால், கவனத்தைக் கலைக்கிற அளவில் எந்த ஒயினும், மலிவோ உயர்வோ, நல்லதாக இருக்க முடியாது. ஒரு கோப்பைக்கு மேல் போனவருக்கு எது பரோலோ, எது மேசை ஒயின் என்ற பேச்சே வீண். ஒரு சொட்டும் தொடாதவருக்கோ இந்த வழக்கு ஒயினோடு முடிவதில்லை; பட்டுப்புடவைக் கடையிலும் தனியார் பள்ளி வாசலிலும் இதே கேள்வி அவரை வழிமறிக்கும்.