உரித்தெடுத்த சுவர்

2016 மார்ச் மாதத்தில் இத்தாலியின் பொலோன்யா நகரத்துச் சுவர்கள் பல சாம்பல் நிறமாயின. அந்த நகரில் இருபது ஆண்டுகளாக வரைந்துவந்த ப்ளூ என்ற தெருவோவியர் தம் சுவரோவியங்களைத் தாமே பூசி மறைத்தார். எக்ஸ்எம்24, கிராஷ் என்ற சமூக மையங்களைச் சேர்ந்தவர்கள் அவரோடு சேர்ந்து சுவர்களைச் சுரண்டினார்கள், சாயம் பூசினார்கள். பலாட்ஸோ பெப்போலியில் தெருவோவியக் கண்காட்சி ஒன்று சில நாட்களில் திறக்கப்படவிருந்தது. கைவிடப்பட்ட தொழிற்சாலைச் சுவர்களிலிருந்து ப்ளூவின் ஓவியங்கள் அவருடைய ஒப்புதல் இல்லாமலே உரித்தெடுக்கப்பட்டு, கட்டணம் வாங்கும் அந்தக் கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தன.

அமைப்பாளர்கள் சொன்ன காரணத்தை அற்பமென்று தள்ளிவிட முடியாது. கட்டடம் இடிந்தால் ஓவியமும் மண்ணாகும். எனவே காப்பாற்றினோம் என்றார்கள். அப்படிக் காப்பாற்றும் கலையில் இத்தாலியருக்கு நெடுநாள் தேர்ச்சி உண்டு. ஓவியத்தின் முகத்தில் பசை தடவித் துணியை ஒட்டுவார்கள். பசை காய்ந்து இறுகும்போது வண்ணப்படலம் சுவரை விட்டுத் துணியோடு பெயர்ந்து வரும். 1944 ஜூலையில் பீசா நகரின் கம்போசாந்தோ இடுகாட்டு மண்டபம் குண்டுவீச்சில் தீப்பிடித்து, கூரையின் ஈயம் உருகிச் சுவர்களில் வழிந்தபோது, எஞ்சிய ஓவியங்களை மீட்டது இத்தகைய முறைதான். உரித்த பிறகு, அடியில் செம்மண் நிறத்தில் ஓவியர்கள் முதலில் இட்ட கோட்டுருவங்கள் வெளிப்பட்டன. இன்று அவற்றுக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

உரித்தெடுத்துக் காப்பது முழுமையாகக் காப்பதாகுமா என்ற கேள்வி தஞ்சைப் பெரிய கோயிலிலும் எழுகிறது. கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதையாமல் பிரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தினார்கள். இரண்டு காலங்களும் பிழைத்தன. அது அரிய சாதனை. ஆனால் இறைவனைச் சுற்றியிருக்கும் சுவருக்கென்று நாயக்கர் கால ஓவியன் வரைந்தது, பலகைக்கு வந்ததும் வேறொன்றாகிவிடுகிறது. வண்ணம் அதுவேதான், கோடும் அதுவேதான். அது யாருக்கு நடுவே, எதன் முன்னால் இருந்ததோ அந்த உறவு மட்டும் இல்லை.

பொருள் என்பது அதன் உடலா, அது நிற்கும் உறவா? பௌத்தம் இந்தக் கேள்விக்குத் துணிந்து விடை சொல்லியிருக்கிறது. திபெத்தியத் துறவிகள் பல நாட்கள் குனிந்தமர்ந்து வண்ண மணலால் மண்டலம் இடுகிறார்கள். சடங்கு முடிந்ததும் தங்கள் கையாலேயே கலைத்து மணலை நீரில் சேர்க்கிறார்கள். 1988இல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவர்கள் காலசக்கர மண்டலம் இட்டார்கள். அதுவும் கலைக்கப்பட்டது. பொருட்களைச் சேர்த்து வைப்பதற்கென்றே எழுந்த ஒரு நிறுவனம் இங்கே பிடியைத் தளர்த்தி விட்டுக்கொடுத்தது. பொலோன்யாவில் இல்லாமற்போனது அந்தப் பணிவுதான்.

அதற்காக, அழிப்பதெல்லாம் பற்றின்மை ஆகிவிடாது. அதே நியூயார்க்கில் ஃபைவ்பாயின்ட்ஸ் என்ற பழைய ஆலைக் கட்டடம் உரிமையாளரின் அனுமதியோடு தெருவோவியர்களின் கூடாரமாக இருந்தது. 2013 நவம்பரில் ஓர் இரவில், ஓவியர்களுக்குச் சொல்லாமலே, உரிமையாளர் முழுச் சுவருக்கும் வெள்ளையடித்துவிட்டார். வழக்கு நடந்தது; 2018இல் நீதிமன்றம் 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. சுவர் ஒருவருடைய சொத்தாக இருந்தாலும், அதன் மேலுள்ள படைப்பில் வரைந்தவருக்கு அறவுரிமை உண்டு என்பதே அமெரிக்கச் சட்டத்தின் நிலை.

அப்படியானால் வரைந்தவருக்கு மட்டும் எல்லையற்ற உரிமையா? தெருவில் வரைந்தது கொடை. தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும், அந்தச் சுவரை அடையாளம் சொல்லி வழிகாட்டிய கடைக்காரரும் அந்தக் கொடையைப் பெற்றவர்கள். கொடுத்ததைத் திரும்பப் பெறுவது அறமாகுமா? ப்ளூவின் செயலில் நெருடும் இடம் இது. கண்காட்சிக்காரர்கள் மேல் எழுந்த கோபத்துக்கு, அந்தக் கண்காட்சியோடு எந்தத் தொடர்பும் இல்லாத வழிப்போக்கர்களும் விலை கொடுத்தார்கள்.

ஆயினும் அவர் தனியாக அழிக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. அந்த ஓவியங்களின் நிழலிலேயே கூடி வாழ்ந்தவர்கள் அவரோடு நின்றார்கள். எக்ஸ்எம்24இன் வெளிச்சுவரில் அவர் வரைந்திருந்த மிகப் பெரிய ஓவியமும் அன்று மறைந்தது. அதை மறைக்க உதவியவர்களில் அந்தச் சுவருக்குப் பின்னே இயங்கியவர்களும் இருந்தார்கள். கொடுத்தவரும் பெற்றவரும் சேர்ந்து எடுத்த முடிவை, ஃபைவ்பாயின்ட்ஸில் விழுந்த வெள்ளையோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

2019 ஆகஸ்டில் எக்ஸ்எம்24 காலிசெய்யப்பட்டது. உரித்தெடுத்தவர்களின் வாதத்துக்கு இது வலு சேர்ப்பதாகத் தோன்றலாம்: விட்டுவைத்திருந்தாலும் ஓவியம் தப்பியிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆனால் அங்கே காக்கப்படாமல் போனது வண்ணப்படலம் மட்டுமா? ஒரு நகரம் தன் மக்கள் கூடும் இடத்தைக் காலிசெய்துவிட்டு, அதன் சுவர்த்தோலை மட்டும் விளக்கொளியில் மாட்டிவைத்தால், அதைக் காப்பாற்றுதல் என்று அழைக்க இந்தக் கட்டுரை தயாராக இல்லை.