பேய் யாரைப் பிடிக்கிறது?

பேய்ப்படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பேய் எப்படி இருந்தது என்றுதான் பேசிக்கொள்வார்கள். செத்தவர்கள் யார், அவர்கள் ஏன் சாக வேண்டியிருந்தது என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஒரு பேய்ப்படத்தின் ஒழுக்கம் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பேய் யாரைப் பிடிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்று தீர்மானிப்பவன் கதாசிரியன். அந்தத் தீர்மானத்தில் அவன் யாரை நேசிக்கிறான், யாரை வெறுக்கிறான், யாருடைய கைதட்டலுக்காகக் காத்திருக்கிறான் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

ஹட்டன் பக்கத்து உயர்தர வகுப்பு மாணவர் சிலர் குறும்படம் ஒன்றுக்காக எழுதிய கதையை வாசித்து அபிப்பிராயம் சொல்லும்படி என்னிடம் தந்தார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடப் படம். கைத்தொலைபேசியிலேயே எடுக்கப் போகிறார்கள். மஸ்கெலியாப் பக்கம், ஏழு கன்னியர் மலை தெரியும் இடத்தில், கைவிடப்பட்ட துரை பங்களா. பதினாறு பதினேழு வயதில் ஐந்து பேர் இரவில் அங்கே போகிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஒருவனோடு போனில் பேசுகிற பிள்ளை முதலில் சாகிறாள். அடுத்து அவளோடு பேசியவன். மூன்றாவதாக, படிப்பை விட்டுக் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்து, தலைமயிருக்கு நிறம் பூசிக்கொண்டு லீவில் வந்தவன். நான்காமவன் சும்மா கூட வந்தவன், அவனும் போகிறான். மிஞ்சுவது வகுப்பில் முதலாம் பிள்ளை. வெள்ளை உடுப்பு உடுத்த உருவங்கள் மலையிலிருந்து இறங்கி வருவதோடு கதை முடிகிறது.

நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். மிஸ்டு மூடி வருவதும், கொழுந்து மலையில் டோர்ச் வெளிச்சம் அலைவதும், தகரக் கூரையில் மழை விழும் சத்தமும் அந்த இடத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் வரும். கேள்வி திறமை பற்றியதல்ல. ஊடகக் கற்கை படிக்கும் பிள்ளைகளிடம் எந்தப் படைப்பைப் பற்றியும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் உண்டு. இது யாருக்காக? இதில் காட்டப்படுபவர்கள் எவ்வாறு காட்டப்படுகிறார்கள்? இரண்டும் பரீட்சைக் கேள்விகள் போலத் தெரிந்தாலும் உண்மையில் அறக் கேள்விகள்.

சாவு வரிசைப்படி நடக்கும் இந்தக் கதையமைப்பு மலையகத்தில் முளைத்ததல்ல. 1978இல் வெளிவந்த ஜோன் கார்ப்பென்டரின் 'ஹலோவீன்' படத்தில் காதலும் களிப்புமாகத் திரியும் பிள்ளைகள் கொல்லப்படுகிறார்கள். புத்தகமும் பொறுப்புமாக இருக்கும் பெண் தப்புகிறாள். 1980இல் வந்த 'ஃப்ரைடே த தேர்ட்டீன்த்' அதே தடத்தில் நடந்தது. அதன்பின் வந்த படங்கள் அதைச் சூத்திரமாகவே ஆக்கிவிட்டன. 1992இல் கெரொல் குளோவர் என்ற அமெரிக்க அறிஞர், கடைசியில் மிஞ்சும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1996இல் வந்த 'ஸ்க்ரீம்' படத்தில் ஒரு பாத்திரமே இந்த விதிகளை வாய்விட்டு ஒப்புவிக்கிறது. அந்தளவுக்கு எல்லோருக்கும் தெரிந்த விதி.

விதியின் சாரம் இதுதான்: ஆசைப்பட்ட பிள்ளை சாகும், அடங்கிய பிள்ளை வாழும். இதில் வினோதம் என்னவென்றால், இந்தப் படங்களைக் காசு கொடுத்துப் பார்த்தவர்களில் மிகப் பலர் அதே வயதுப் பிள்ளைகள். தம்மைப் போன்றவர்கள் வெட்டுப்படுவதைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள், கத்தினார்கள், கைதட்டினார்கள். அமெரிக்கப் புறநகரில் நல்ல வீடும் காரும் உள்ள பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டு. படம் முடிந்ததும் அவன் தன் வாழ்க்கைக்குத் திரும்பிவிடலாம். அவனைப் பற்றி உலகம் நல்லபடி சொல்லும் கதைகள் வேறு ஆயிரம் இருக்கின்றன.

தோட்டத்துப் பிள்ளைக்கு அப்படியா? போனும் கையுமாக இருக்கும் பெட்டையைப் பற்றியும், கொழும்புக்குப் போய் நிறம் மாறி வந்த பையனைப் பற்றியும் லயத்திலும் பாடசாலையிலும் தோட்டக் காரியாலயத்திலும் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. கதை அந்தத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்குப் பேயை ஏவுகிறது, அவ்வளவுதான். பயமுறுத்துவது பேயாக இருந்தாலும் அதன் வாயில் வருவது பெரியவர்களின் வசவு. பிள்ளைகள் தமக்காக எடுப்பதாக நினைக்கும் படம், உண்மையில் தம்மை ஏசுகிறவர்களுக்காக எடுக்கப்படுகிறது. பார்வையாளர் யார் என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடை இது. பாடசாலை மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் தம்மைப் பார்த்தே சிரிப்பார்கள்.

மலையகத்துக்குப் பயம் புதிதல்ல. அந்த மண்ணின் பயங்கள் வேறு விதமாகப் பேசின. தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோதைமுனி என்று ஒரு தெய்வத்தை வணங்கும் வழக்கம் உண்டு. ரோதை என்றால் சக்கரம். இயந்திரத்துக்குள் ஒரு முனி இருக்கிறது, அதைத் திருப்திப்படுத்தாவிட்டால் காவு கேட்கும் என்பது நம்பிக்கை. எமது அகீதாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் அந்தப் பயம் சுட்டிக்காட்டிய ஆபத்து பொய்யல்ல. கையை இழுத்துக்கொள்ளும் இயந்திரத்தின் முன்னால் நின்று உழைத்தவன், தனக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதைச் சரியாகவே அறிந்திருந்தான். அவனுடைய பேய் தொழிற்சாலைக்குள் இருந்தது. அவனுடைய மகளின் காதலுக்குள் இருக்கவில்லை.

காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் இந்தக் கூத்தும் ஓர் இளைஞன் ஆசையின் காரணமாகச் சாகும் கதைதான். சிவனின் தவத்தைக் கலைத்த காமன் நெற்றிக்கண்ணால் எரிகிறான். ஹொலிவூட் சூத்திரப்படி பார்த்தால் அங்கே கைதட்டல் எழ வேண்டும். எழுவது ஒப்பாரி. ரதி அழுகிறாள், அவளோடு தோட்டமே அழுகிறது. பின்னர் காமன் உயிர்பெறுகிறான். அந்தக் கதையின் சமயம் எமதல்ல. ஆயினும் அதைப் பார்க்க நிற்கும் சனங்களின் மனம் எனக்குப் பாடமாகப் படுகிறது. இளசு ஒன்று தவறியிருந்தாலும் அதன் சாவு இழப்புத்தான் என்று அந்த லயத்துச் சனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படம் எடுக்கும்போது ஒப்பாரியைக் கைவிட்டுக் கைதட்டலை இரவல் வாங்கினால் அது முன்னேற்றமாகாது.

தமிழ்க் கதை மரபின் பேய்களும் பெரும்பாலும் நியாயம் கேட்டு வந்தவைதான். பழையனூர் நீலி வஞ்சிக்கப்பட்டவள். 2011இல் வெளிவந்த 'காஞ்சனா' எத்தனை கூச்சலும் கோமாளித்தனமும் நிறைந்த படமாக இருந்தாலும், அதில் வரும் பேய் நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையுண்ட ஒரு திருநங்கை. பார்ப்பவர் பயந்தாலும் கடைசியில் பேயின் பக்கம்தான் நிற்பார். எமது பேய் வழக்காளி. அமெரிக்கச் சூத்திரத்துக் கொலைகாரன் தண்டனைக்காரன். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது.

இனி அந்த வெள்ளை உடுப்பு. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றிவந்த மார்ட்டின் எயார் விமானம், கட்டுநாயக்காவில் இறங்குவதற்கு முன்னர் ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. பயணிகள் 182 பேர், பணியாளர் 9 பேர், மொத்தம் 191 பேரும் இறந்தார்கள். இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துகளில் மிகப் பெரியது அதுவே. நோர்ட்டன் பிரிட்ஜில் அதற்கு நினைவுச் சின்னமும் உண்டு. அந்த மலையிலிருந்து வெள்ளை உருவங்கள் இறங்கி வருகின்றன என்றால் அவை யாரென்று மஸ்கெலியாவில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

மௌத்தானவர்கள் பர்ஸக்கில் இருக்கிறார்கள், ஆவியாகத் திரிவதில்லை என்பது எமது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், அல்லாஹ்வின் வீட்டை நாடிப் புறப்பட்டு முன்பின் தெரியாத நாட்டின் மலையொன்றில் உயிரிழந்த மனிதர்களை, போனில் பேசிய ஒரு பிள்ளையின் கழுத்தைப் பிடிக்க அனுப்புவது நீதியா? அவர்கள் இந்த மண்ணின் விருந்தாளிகள். அவர்களுக்கும் வீட்டில் காத்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மலையைப் பற்றிப் பிள்ளைகள் படமே எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுக்கட்டும். ஆனால் இறந்தவர்களைக் கொலைகாரர்களாக்கும் உரிமை எவருக்கும் இல்லை. உயிரோடு இருப்பவன் மறுப்பு எழுதலாம்; மையித்து எழுத முடியாது. அவர்கள் சார்பில் பேசுவதற்குக் கதாசிரியனின் நாணயம் ஒன்றுதான் இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். பிள்ளைகள் பொழுதுபோக்காகச் செய்வதற்கு இவ்வளவு பாரம் ஏற்றலாமா? எல்லாவற்றிலும் நீதி போதனை தேடினால் கலை செத்துவிடாதா? நியாயமான கேள்விதான். இறுதியில் ஒரு பெரியவர் வந்து உபதேசம் செய்யும் பேய்ப்படத்தைப் பார்க்க எனக்கும் விருப்பமில்லை. நான் கேட்பது போதனையல்ல, பாத்திரம். 1999இல் வெளியான 'பிளேயர் விட்ச் புரொஜெக்ட்' படமும் காட்டுக்குள் படமெடுக்கப் போய்க் காணாமற்போகும் மூன்று மாணவர்களைப் பற்றியதுதான். மிகச் சிறிய செலவில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 24 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. அதில் பேயைக் கண்ணால் காண்பதே இல்லை. காண்பது மூன்று பிள்ளைகளின் களைப்பு, பசி, சண்டை, தாயை நினைத்து அழும் அழுகை. அவர்கள் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறவில்லை. ஆகவே பார்ப்பவன் சிரிக்கவில்லை, நடுங்கினான். மனிதராகக் காட்டப்பட்டவர்களுக்காகத்தான் பயப்பட முடியும். அறமும் கலையும் இந்த இடத்தில் ஒரே பாதையில் நடக்கின்றன.

தணிக்கை போதும் என்பவர்களும் உண்டு. திரையரங்கில் வயது வந்தோருக்கு மட்டும் என்று எழுதி வாசலில் ஆளை நிறுத்தலாம். கைத்தொலைபேசிக்கு வாசல் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை எடுத்த படத்தைப் பத்து வயதுத் தம்பி அடுத்த காம்பராவில் இருந்து பார்க்கிறான். எடுப்பவனின் மனச்சாட்சிதான் இப்போது தணிக்கைச் சபை.

பயங்கரத்துக்கு மலையகத்தில் பஞ்சமில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2021 ஜூலையில், தோட்டமொன்றிலிருந்து கொழும்பில் அரசியல்வாதி ஒருவரின் வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்த 16 வயதுச் சிறுமி, தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தாள். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக நாடு உயர்த்தியதே அந்த வருடத்தில்தான். அந்த வீட்டில் நடந்தது என்ன என்பது நீதிமன்றத்துக்குரிய விடயம். அதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் தேயிலை மலையிலிருந்து சின்னஞ்சிறு பிள்ளைகள் நகரத்து வீடுகளின் குசினிகளுக்கு வந்த கதை ஒரு வீட்டின் கதையல்ல. அதில் எல்லாச் சமூகத்தவரின் வீடுகளும் இருந்தன. எமது வீடுகளும் இருந்தன. இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களில் பலர், தம் சிறுவயதில் வீட்டில் நின்ற மலைநாட்டுப் பிள்ளை ஒன்றின் பெயரை இப்போது நினைவுபடுத்திப் பார்க்கலாம். பெயர் வருகிறதா? அவள் எந்தத் தோட்டம், எத்தனையாம் வகுப்பில் படிப்பை விட்டாள் என்பது தெரியுமா?

பேய்ப்படத்துக்கு இதைவிடத் தகுந்த கரு இல்லை. இதையும் கவனமாகவே எடுக்க வேண்டும். உண்மையில் இறந்த பிள்ளையின் பெயரையோ முகத்தையோ வைத்துப் பயமுறுத்துவது இன்னொரு கொடுமை. அவளுடைய தாய் இன்னமும் இருக்கிறாள் என்ற நினைப்போடுதான் எழுத வேண்டும். கற்பனையான ஒரு பிள்ளையைப் படைக்கட்டும். அவளுக்கு ஒரு பெயர், பிடித்த பாட்டு, கூடப்படித்த சிநேகிதி, போனில் பேச ஒருவன் எல்லாம் இருக்கட்டும். அவளும் ஆசைப்பட்டவளாக, குறும்புக்காரியாக, சில வேளை பொய் சொல்பவளாக இருக்கட்டும். அவள் சாகும்போது, இவள் இப்படித்தான் முடிவாள் என்று எவரும் சொல்ல முடியாதிருக்க வேண்டும். அது போதும்.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைகளிடம் சுருக்கமாகச் சொன்னபோது அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "அப்ப சேர், பேய் யாரப் புடிக்கணும்?"

அதை நான் சொல்லிக்கொடுத்தால் அது என் படமாகிவிடும் என்றேன். இரவு முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் அவள் சொல்லியனுப்பினாள்: பேய் எவரையும் பிடிக்கவில்லையாம். தான் வேலை செய்த வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, தன்னுடைய பெயர் என்னவென்று வீட்டுக்காரரைக் கேட்கிறதாம். அவர்களுக்குத் தெரியவில்லையாம்.