போரின் எஞ்சினாரைப் போற்றுதல்

போரிற் பட்ட வீரர்க்குக் கல் நாட்டி, அவர்தம் பெயரும் செயலும் பொறித்து வழிபடுதல் தமிழ்நாட்டின் பழவழக்கமாகும். இக்காலத்தும் சென்னைக் கோட்டைக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் சார்த்துதல் காண்கின்றோம். ஆயின், பட்டாரைப் போற்றும் உலகம் படாது மீண்டாரை எவ்வாறு போற்றுதல் வேண்டும் என்பதனைப் பெரிதும் ஆராய்ந்திலது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சைவர்க்கு இவ்வினா பின்னும் நுண்ணியதாகின்றது. இதற்கு விடை காண்பார்க்குத் திருவொற்றியூர்த் திருக்கோயிற் கல்வெட்டொன்று பெருந்துணையாகும்.

கி. பி. 949-ல் தக்கோலத்திற் சோழர்க்கும் இராட்டிரகூட மன்னன் மூன்றாங் கிருட்டிணனுக்கும் கடும்போர் நிகழ்ந்தது. முதற் பராந்தகன் மைந்தனாகிய இராசாதித்தன் யானைமேலிருந்தவாறே உயிர் துறந்தான். அவன்பால் பேரன்பு பூண்ட படைத்தலைவர் ஒருவர் கேரள நாட்டினர். பிறந்த நாடு விட்டுச் சோழர் பணியில் வாழ்ந்தவர். பெண்ணையாற்றங்கரையிற் கிராமம் என்னும் ஊரில் 943-ல் கற்றளி எடுப்பித்த வெள்ளங்குமரன் என்பார் இவரே என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. தலைவனோடு ஒருங்கு மாயும் பேறு வாயாமையின் நாணி வருந்திய இவர், கங்கையிற் படிந்து, துறவு பூண்டு, ஒற்றியூரை அடைந்தார். ஆங்கு நிரஞ்சன குருவின் அருள்பெற்றுச் சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் மடத்தின் தலைமை ஏற்றார்.

பின்னர் இவர் அவிட்ட நாள் வழிபாட்டின்பொருட்டு 100 நிட்கம் பொன்னை நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் முதலாக வைத்தார். அச்செய்தி பொறித்த கல்வெட்டு மூன்றாங் கிருட்டிணனது 20-ஆம் ஆட்சியாண்டிற்கு உரியது. தம் தலைவனைக் கொன்ற பகைவனது ஆட்சியாண்டின்கீழ்த் தம் அறம் பொறிக்கப்படுதற்கு இவர் உளம் இசைந்தனர் என்பது சிந்திக்கற்பாலது.

இவர் நாணியது முறையோ எனின், அன்பின் வழி நோக்குவார்க்கு முறையே. உண்மை நூல் வழி நோக்குவார்க்கோ, பிராரத்தம் எஞ்சியிருக்க உடம்பு நீங்குதல் இல்லை. பிறப்பும் இறப்பும் இருவினைக்கு ஈடாக இறைவன் கூட்டுவன. ஆதலின், மாண்டவர் உயர்ந்தார், எஞ்சியவர் இழிந்தார் என வகுத்தல் பொருந்தாது. எஞ்சிய வாணாள் வீணாளன்று, பணிக்கென விடப்பட்டதாம். ஒற்றியூர் மடம் அவ்வீரரது துயரை இகழாது ஏற்றுத் தொண்டாக மாற்றியது.

வீரரைப் போற்றுதல் கொலையைப் போற்றுதலாகாதோ எனின், ஆகாது. வாதாவியை வென்று மீண்ட பரஞ்சோதியாரைச் சிவனடியார் என்று அறிந்த மன்னவன், அடியவரைப் போர்முனைக்கு விடுத்தேனே என அஞ்சி, அவரை வணங்கி, நிதி பல அளித்துத் திருத்தொண்டிற்கே விடை கொடுத்தான் என்று பெரியபுராணம் கூறும். அவரே சிறுத்தொண்டர். ஆங்குச் செய்த சிறப்பு கொன்ற தொகையை எண்ணிச் செய்ததன்று. ஏவிய குற்றத்தைத் தன்மேற் கொண்டு செய்ததாம். இதுவே படை விடுப்பார் யாவர்க்கும் தக்க முறை.

இனி, போரின் துன்பம் படைஞரோடு நிற்பதன்று. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டெறிந்து தாக்க, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. துறையில் நின்ற வாணிகக் கப்பலிலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. கப்பற்றொழிலாளர் பலர் ஊர் விட்டு வந்து உழைப்பவர். பெயர் பொறிக்கப்பெறாத அத்தகையோரையும் நினையாத விழா குறைவுடையதே.

ஆகவே, இராயபுரத்திலாயினும் எண்ணூரிலாயினும், கடல் கடந்து தமிழர் குடியேறிய நாடுகளிலாயினும், வீரரை நினைந்து கூடுவோர் மாண்டார்க்கு மலரிடுவதோடு அமையாது, மீண்டார்க்கு இருக்கை தந்து, அவர் சொல்லுவன கேட்டு, சொல்லாது விடுவனவற்றைக் கிளறாது, நோயும் வறுமையும் நீக்க முற்படுதல் வேண்டும். எதிர்நின்று மாண்டாரும் உயிர்களே என்பதனையும் மறத்தல் கூடாது.

ஒற்றியூரிற் செக்குத்தொழில் செய்து வாழ்ந்த கலிய நாயனார், வறுமையுற்றபோதும் விளக்குப்பணி விடாது, எண்ணெய் பெறாமையிற் குருதியே வார்க்கத் துணிந்தார். அரிந்த கையை இறைவன் பற்றித் தடுத்தருளினான். குருதியால் எரியும் விளக்கை அவன் விரும்பிற்றிலன். போர் நினைவு நாளில் ஏற்றும் விளக்கும் அக்கருத்தோடு ஏற்றப்படுமாயின் அதுவே சிவபூசையாம்.

திருச்சிற்றம்பலம்.