மஞ்சள் சட்டையும் மனச்சான்றும்

தூத்துக்குடிக்கு வடபால், நகரோடு நகராக ஒட்டிக் கிடக்கிறது மாப்பிள்ளையூரணி. உப்பு வாரிய கை, வலை இழுத்த கை, துறைமுகத்திலே மூட்டை தூக்கிய கை. இவை மாலையிலே என்ன செய்கின்றன? மஞ்சள் சட்டையை எடுத்து மாட்டுகின்றன! சட்டையின் முதுகிலே ஏழாம் எண். தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே திரள்கிறது கூட்டம். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்தால் விசில்! விக்கெட் வீழ்ந்தால், இழவு வீட்டின் அமைதி!

ஆட்டம் முடிந்ததும் அதே இளைஞன் காதிலே பாட்டைப் பொருத்திக்கொள்கிறான். ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற இசைக்குழுவின் பாட்டு. ஒரு நெஞ்சம், அதிலே இரண்டு காதல். ஒன்று சென்னை சூப்பர் கிங்ஸ். மற்றொன்று சாதி ஒழிப்பைப் பாடும் குழு.

“கல்லின் முன்னே கைகட்டி நிற்க மாட்டேன் என்றவன், கட்அவுட்டின் முன்னே கைகட்டி நிற்கலாமா? இவனா பகுத்தறிவாளன்?” என்று கேட்கிறார் பெரியவர் ஒருவர். கூர்மையான கேள்விதான். ஆனால் விரைந்து தீர்ப்பளித்துவிட வேண்டாம், தோழர்களே! காரணம் காட்டிவிட்டா தாய் தன் பிள்ளையை அணைக்கிறாள்? இலாப நட்டம் பார்த்தா நண்பனுக்காக நாம் கண்ணீர் விடுகிறோம்? பகுத்தறிவு, அன்பை வெட்டவந்த வாள் அல்ல; அன்பின் கையிலே கொடுக்கவேண்டிய விளக்கு. எனவே, விரும்பலாமா என்பதல்ல கேள்வி. விரும்பும்போது விளக்கு அணைந்துவிடுகிறதா என்பதே கேள்வி.

இரசிகன் வேறு, பக்தன் வேறு. தவறு கண்டால் தவறு என்பான் இரசிகன். பக்தனோ அதனையும் திருவிளையாடல் என்பான்!

முத்துக் குளித்த கடற்கரை இது. கடைசிப் பெருங்குளிப்பு 1961-இல் முடிந்தது. அந்நாளிலே கரையில் குவித்த சிப்பிகளை, ஆயிரம் இன்ன விலை என்று, வாய் திறவாமலே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்தும் இருக்கலாம். வெறும் சதையும் இருக்கலாம். எடுத்தவன் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து பார்த்தான். பக்தன் இருக்கிறானே, அவன் ஏலத்திலே எடுத்த சிப்பியை ஆயுள் முழுவதும் திறப்பதே இல்லை. தலையிலே தூக்கிவைத்துக்கொண்டு, “முத்து, முத்து” என்று கூவுகிறான்.

திறந்து பார்க்கவேண்டிய நாளும் வந்தது. சூதாட்டப் புகார் 2013-இல் எழுந்தது. அணி நிர்வாகத்தோடு தொடர்புடைய ஒருவர் மீது. உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு, 2015 சூலையில், சென்னை அணிக்கு இரண்டாண்டுத் தடை விதித்தது. 2016, 2017 இரண்டு ஆண்டும் அணி ஆடவில்லை. 2018-இல் திரும்பியது. எப்படி வரவேற்றோம்? ஆரவாரத்தோடு! அன்போடு வரவேற்றதிலே பிழையில்லை. ஆனால் “நடந்தது என்ன? இனி நடவாது என்பதற்கு உறுதி என்ன?” என்று கேட்ட குரல் எத்தனை? ஆடியவன் உழைத்தான், பார்த்தவன் பணம் கொடுத்தான். கேட்கும் உரிமை மட்டும் இருவருக்கும் இல்லையா?

இந்தப் பற்றினால் நன்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவிலே பேஸ்பால் என்றொரு ஆட்டம்; நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. அந்த ஆட்டத்தின் பெரிய அணிகள், அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பரைச் சேர்க்காமல் கதவடைத்து வைத்திருந்தன. 1947 ஏப்ரல் 15 அன்று, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் களமிறங்கினார். எதிரணியினர் வசை பொழிந்தார்கள். சொந்த அணியிலேயே முணுமுணுத்தார்கள் சிலர். ஆனால் ‘நம் அணி வெல்லவேண்டும்’ என்று வந்த வெள்ளையர்கள், ராபின்சன் ஓடியபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். அணிப்பற்று அங்கே நிறவெறியைத் தளர்த்திற்று. கைதட்டக் கற்ற கை, கைகுலுக்கவும் கற்றது. நூறு சொற்பொழிவு செய்யாததை ஓர் ஆட்டம் செய்தது!

அதே புரூக்ளின் இன்னொரு பாடமும் சொல்லுகிறது. பத்தாண்டு கழிந்தது. 1957 ஆட்டங்கள் முடிந்ததும், அணியின் உரிமையாளர் அதனை லாஸ் ஏஞ்செல்ஸ் நகருக்குக் கொண்டுபோய்விட்டார். மக்கள் அழுதார்கள், மைதானம் 1960-இல் இடிக்கப்பட்டது. அணி முதலாளியினுடையது, அன்பு மட்டுந்தான் மக்களுடையது! இதை அறிந்து நேசிப்பவன் இரசிகன். அறியாமல், “அணியே நான், நானே அணி” என்பவன் பக்தன்.

இசைக்கு வருவோம். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் கூடி உருவாக்கிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ், 2018 சனவரியில் சென்னையிலே மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக்கும் கைகோத்தன. சாவு வீட்டுக்கு உரியது என்று ஒதுக்கப்பட்ட பறை, மேடையின் நடுவிலே நின்று முழங்கிற்று. கேட்டோம், களித்தோம், ஆடினோம். பிறகு? வீட்டிலே தங்கை வேறு சாதி இளைஞனை விரும்புகிறாள் என்ற செய்தி வந்தபோது, பாட்டு எங்கே போயிற்று? பாடியவரைப் போற்றிவிட்டுப் பாட்டைக் கைவிடுவது, சாமியைத் தூக்கிச் சுமந்துவிட்டு அண்டை வீட்டானை உதைப்பதற்கு ஒப்பாகும். நல்ல கருத்தைப் பாடும் குழுவுக்கும் பக்தர் உண்டு. அவரால் அக்கருத்துக்கு ஒரு பயனும் இல்லை.

இனி, நெஞ்சை உறுத்தும் ஒரு நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். 2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக்கோரிய போராட்டத்தின் நூறாவது நாள். தூத்துக்குடி மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். துப்பாக்கி வெடித்தது. அன்றும் அதனைத் தொடர்ந்தும் 13 உயிர்கள் பறிபோயின.

அதே நாள் மாலை, மும்பை வான்கடே அரங்கிலே சென்னை அணிக்கு ஆட்டம்! ஐதராபாத் அணி 139 ஓட்டம் எடுத்திருந்தது. சென்னை தள்ளாடிற்று. தென்னாப்பிரிக்க வீரர் டு பிளெசிஸ் தனித்து நின்று 67 ஓட்டம் குவித்து, கடைசி ஓவரின் முதற்பந்தை ஆறாக அடித்து வெற்றி தேடித் தந்தார். மஞ்சள் சட்டைகள் துள்ளின.

ஆடியவர் மீது குற்றமில்லை. ஆனால் நம்மை நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா? தெருவிலே சாவு விழுந்தால் கல்யாண மேளத்தையும் அடக்கி வாசிப்பவர்கள் நாம். எந்தக் கடவுளும் கட்டளையிட்டு வந்த வழக்கமா அது? அடுத்த வீட்டு அழுகைக்குக் காது கொடுக்கும் மனிதப் பண்பு! சென்னையின் பெயர் தாங்கிய அணிக்காக விசிலடித்த இதழ்கள், தூத்துக்குடிக்காக ஒரு நொடி மூடிக்கொண்டிருந்தால் அணி தோற்றுப் போயிருக்குமா?

“துயரப்படுபவனுக்கும் ஒரு நாழிகை மகிழ்ச்சி வேண்டாமா?” என்பீர்கள். வேண்டும், மறுக்கவில்லை. துயரத்தை அறிந்தபின் தேடும் மகிழ்ச்சி மருந்து. துயரத்தை அறிய மறுக்கும் மகிழ்ச்சி மது. இரண்டும் ஒரே கோப்பையிலே வருவதால் ஒன்றாகிவிடுமா?

அடித்து நிறுத்துவதும் அறமாகாது. அதே ஆண்டு ஏப்ரல் 10 அன்று, காவிரிக்காகக் கொதித்த சென்னையிலே, சேப்பாக்கம் அரங்குக்குள் செருப்பு பறந்தது. மஞ்சள் சட்டை அணிந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. காவிரிக் கோரிக்கை நியாயமானது. ஆனால் சட்டையைக் கிழித்தால் மனச்சான்று விழித்துவிடாது. நிறுத்தும் ஆற்றல் உள்ளிருந்து வரவேண்டும். தன் களிப்பைத் தானே ஒரு கணம் நிறுத்தத் தெரிந்தவன் எவனோ, அவனே தன் நெஞ்சுக்கு எசமானன்.

நிறுத்தத் தெரியாத ஆரவாரம் என்ன செய்யும்? 2025 சூன் 3 அன்று பெங்களூரு அணி முதன்முறையாகக் கோப்பை வென்றது. மறுநாள் வெற்றிவிழா. சின்னசாமி அரங்கின் வாயிலிலே நெரிசலில் 11 பேர் மாண்டார்கள். செத்தவர்களைப் பழிப்பது கயமை. கூட்டத்தை அழைப்போர்க்குக் கூட்டத்தைக் காக்கும் கடமை உண்டு. ஆனாலும் அழைத்தவுடன் ஓடும் கால்களுக்கு நாம் ஒரு சொல் சொல்லத்தான் வேண்டும்: கோப்பை அலமாரியிலே இருக்கும், உன் தாய்க்கு நீ ஒருவன்.

இளைஞனே! மஞ்சள் சட்டையைக் கழற்றி எறி என்று கூறவில்லை. பாட்டை நிறுத்து என்றும் கூறவில்லை. உப்பளத்திலே வெந்து வரும் உடலுக்கு ஓர் ஆட்டமும் ஒரு பாட்டும் உரிமை. விசிலடி! ஆனால் எதிரணியான் நன்றாக ஆடினாலும் அடி. நேசி! ஆனால் உன் அணி தவறினால் கேள். பாடு! ஆனால் பாடியதை வீட்டுக்குள்ளும் கொண்டுபோ. பக்கத்துத் தெருவிலே அழுகுரல் எழுந்தால், சட்டையின் நிறத்தை மறந்து எழுந்து ஓடு. அந்த ஓட்டத்தைக் கணக்கிட எந்த அரங்கிலும் பலகை இல்லை. ஆயினும் நீ எடுக்கவேண்டிய முதல் ஓட்டம் அதுவே!