ஆசைக்கு அபராதம்

காமர்ஸ் படித்தவனிடம் இயற்பியல் விளக்கம் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்று, வரவு. ஆனால் மரியெட்டா ப்ளாவ் என்ற விஞ்ஞானியின் கணக்கு மட்டும் எத்தனை தடவை கூட்டினாலும் டாலி ஆகமாட்டேன் என்கிறது.

வியன்னாவில் 1894-ல் பிறந்த யூதப் பெண். டாக்டர் பட்டம் வாங்கி, ஜெர்மனியில் சம்பளத்தோடு வேலையும் பார்த்தவர். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1923-ல் ஊர் திரும்பி, ரேடியம் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1938 வரை, 15 வருஷம். சம்பளம்? கிடையாது! வீட்டுப் பணத்திலும் எப்போதாவது வந்த உதவித்தொகையிலும் காலம் ஓடியது.

சும்மா செய்த வேலை சாமானியமானதல்ல. அணுத்துகளை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அது போட்டோ தகட்டின் பூச்சுக்குள் புகுந்து போனால், கழுவிப் பார்க்கும்போது வழியெல்லாம் கறுப்புப் புள்ளிகள் தெரியும், எறும்பு மாவில் நடந்த தடம் மாதிரி. அந்தத் தடத்தைப் படிக்கும் வித்தையை வளர்த்தவர் ப்ளாவ். 1937-ல், சக ஆய்வாளர் ஹெர்த்தா வம்பாகரும் அவரும், இன்ஸ்ப்ரூக் அருகே 2,300 மீட்டர் உயர மலையில் மாதக்கணக்கில் வைத்திருந்த தகடுகளைப் பார்த்தார்கள். ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல் கோடுகள்! காஸ்மிக் கதிர் ஓர் அணுக்கருவைச் சிதறடித்ததற்குச் சாட்சி.

அடுத்த வருஷமே ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் வந்தார். ப்ளாவ் ஆஸ்லோ போய், ஐன்ஸ்டைன் சிபாரிசில் மெக்சிகோ போய்ச் சேர்ந்தார். ஹெர்த்தா நாஜிக் கட்சிக்காரர், வியன்னாவிலேயே இருந்துவிட்டார்.

1950-ல் இதே போட்டோ முறையை மேம்படுத்தியதற்கும் அதைக்கொண்டு செய்த கண்டுபிடிப்புகளுக்கும் செசில் பவலுக்கு நோபல் பரிசு. ஷ்ரோடிங்கர் பரிந்துரைத்தும் ப்ளாவுக்கு இல்லை. அநியாயம் என்று எல்லோரும் பேசுவது இதைத்தான். எனக்கென்னவோ இது இரண்டாம் பட்சம். பவலும் உழைத்தவர்தான், பரிசு என்பது எல்லோருக்கும் கிடைத்துவிடாது.

என்னை உறுத்துவது அந்த 15 வருஷம். 'ஆசைப்பட்டுத்தானே செய்றாங்க, அப்புறம் எதுக்குப் பணம்?' என்கிற நினைப்பு. வேலையில் ஆசை இல்லாதவன் கறாராகக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறான். ஆசை உள்ளவர் கையிலிருந்து போட்டுச் செய்கிறார். அப்படியானால் ஆசைக்கு அபராதமா?

வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் தகட்டை யார் பார்ப்பது? நிலையத்துக்கும் அது தெரியும். அதுதான் கோபம் வருகிறது.

1960-ல் ப்ளாவ் வியன்னா திரும்பினார். கண்ணில் ஆபரேஷன், அமெரிக்காவில் அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை. செர்ன் ஆய்வுக்கூடச் சோதனைகளின் படங்களை ஆராயும் குழுவுக்கு, அதே ரேடியம் நிலையத்தில், 1964 வரை தலைமை வகித்தார்.

சம்பளமா? இந்தத் தடவையும் இல்லை.