உறங்கும் முன் வாசிக்கும் நூலும் இன்பத்தின் நியாயமும்

குழந்தை உறங்குவதற்கு முன் வாசித்துக் காட்டுவதற்கென ஒரு படநூலைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், தாம் அறியாமலேயே ஒரு பழைய அறவியல் வழக்கில் தீர்ப்புச் சொல்கிறார்கள். படநூல் என்னும் சொல் இங்கே படங்கள் மிகுந்த எந்தப் புத்தகத்தையும் குறிப்பதன்று. செய்தியின் ஒரு பங்கைச் சொற்களும் மறுபங்கைப் படமும் சுமக்க, ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவு பெறாத வகையில் அமைந்து, பெரும்பாலும் 32 பக்கங்களுக்குள் முடிந்துவிடும் நூலையே அது குறிக்கிறது. கடைகளில் இத்தகைய நூல்களின் பின்னட்டைகள் பெரும்பாலும் பயன்களையே பேசுகின்றன: சொல்வளம் பெருகும், பகிர்ந்துண்ணும் பழக்கம் வரும், பல் துலக்க அடம் பிடிக்காது என்றெல்லாம் அவை உறுதி கூறுகின்றன. இவற்றுள் எதையும் தராத, ஆனால் குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கிற அல்லது கண்கொட்டாமல் பார்க்கிற ஒரு நூலைத் தேர்ந்தெடுக்க அந்த மகிழ்ச்சி ஒன்றே போதிய காரணமாகுமா, அல்லது வேறொரு நன்மைக்குக் கருவியாகும்போதுதான் இன்பம் நியாயம் பெறுகிறதா என்பதே கேள்வி. வரலாற்றில் இரண்டாம் விடையே பெரும்பாலும் வென்று வந்திருக்கிறது. சரியானது முதல் விடையே என்பதுதான் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

இரண்டாம் விடையின் மூலவர் பிளேட்டோ. ‘குடியரசு’ என்னும் நூலின் இரண்டாம் பகுதியில், தாய்மாரும் செவிலியரும் குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளைக் கண்காணித்து, தக்கவற்றை மட்டும் அனுமதிக்க வேண்டும் என்று அவர் வாதிடுகிறார். இளம் மனத்தில் பதிவது எளிதில் அழியாது என்பதால், கதையின் இனிமையே அதன் ஆபத்தாகவும் அவருக்குத் தோன்றுகிறது. இந்திய மரபில் பஞ்சதந்திரமும் இதே எண்ணத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது: படிப்பில் நாட்டமற்ற மூன்று இளவரசர்களுக்கு அரசியல் நீதியைப் புகட்டுவதற்காக விஷ்ணுசர்மன் தொடுத்தவை என்னும் சட்டகத்துக்குள்தான் அந்தக் காக்கையும் முதலையும் குரங்கும் நடமாடுகின்றன. 1744ஆம் ஆண்டு லண்டனில் ஜான் நியூபெரி வெளியிட்ட சிறுவர் நூல், அறிவூட்டலையும் மகிழ்வூட்டலையும் வெளிப்படையாகவே இணை வைத்தது. அதைச் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்கினால் ஆண் பிள்ளைக்கு ஒரு பந்தும் பெண் பிள்ளைக்கு ஊசி குத்திவைக்கும் சிறு மெத்தையும் கிடைத்தன. அவற்றின் ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் கறுப்பு. நற்செயலுக்கு ஒரு குண்டூசி சிவப்பிலும் தீச்செயலுக்கு ஒன்று கறுப்பிலும் குத்தி நாள்தோறும் கணக்கு வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விளையாட்டுப் பொருளையே தண்டனைப் பதிவேடாக்கிய இந்தப் பந்தைவிடத் தெளிவாக, இன்பத்தைக் கருவியாகக் கொள்ளும் மனப்பான்மையை விளக்கக்கூடிய பொருள் வேறொன்று இருக்க முடியாது.

பகலில் வாசிக்கும் நூலுக்கு இந்த நிலைப்பாடு ஓரளவு பொருந்தலாம். உறங்கும் நேரத்து நூலுக்கு ஏன் பொருந்தாது என்பதை அறிய, அந்த நேரத்தின் தன்மையைப் பார்க்க வேண்டும். சமயங்கள் பலவும் உறக்கத்தைச் சிறிய மரணமாகவே கண்டன. திருக்குறளின் நிலையாமை அதிகாரம் சாவை உறக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் ஒப்பிடுகிறது. உயிர்களை மரண வேளையிலும், மரணிக்காதவற்றை உறக்கத்திலும் இறைவன் கைப்பற்றுகிறான் என்கிறது திருக்குர்ஆனின் 39ஆம் அத்தியாயம். யூதர்கள் படுக்கையில் ‘ஷெமா’ எனப்படும் நம்பிக்கை அறிக்கையை ஓதிவிட்டுக் கண் மூடுவது மரபு. அமெரிக்கக் குடியேற்றங்களில் 18ஆம் நூற்றாண்டில் பரவியிருந்த நியூ இங்கிலாந்து அரிச்சுவடி கற்பித்த இரவு வேண்டுதலோ, விழிப்பதற்குள் உயிர் பிரிந்துவிட்டால் ஆன்மாவை ஏற்றுக்கொள்ளுமாறு இறைவனைக் கேட்கும்படி எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையிடமே சொல்லியது. இன்றைய வாசகருக்கு இது கொடுமையாகத் தோன்றினும், உறங்கப் போவது ஒரு பிரிவு என்பதையும், தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றிடம் தன்னை ஒப்படைத்தால்தான் அது நிகழும் என்பதையும் அந்த அரிச்சுவடி ஒளிக்கவில்லை. பல வீடுகளில் வேண்டுதல் நின்ற இடத்தில் இன்று படநூல் நிற்கிறது. அந்த இடத்துக்குரிய சுமையும் அதன் மேல்தான் விழுகிறது.

இந்தப் பின்னணியில், உறங்கும் முன் அறிவுரை சொல்லும் நூலின் குறை விளங்கும். தன்னை ஒப்படைக்கும்படி குழந்தையைக் கேட்கும் அதே நொடியில் அதன் நடத்தையை அந்த நூல் எடைபோடுகிறது; அம்மாவின் குரலில் வந்தாலும் அது விசாரணைதான். ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக், கல்வியைப் பற்றி 1693இல் வெளியிட்ட நூலில், பேய் பூதக் கதைகளைச் சொல்லிப் பிள்ளைகளை அடக்கும் பணியாளர்களைக் கண்டித்தார். இருட்டையும் அச்சத்தையும் ஒருமுறை பிணைத்துவிட்டால் பின்னர் பகுத்தறிவாலும் அவற்றைப் பிரிப்பது அரிது என்பது அவர் வாதம். அதே நூலில் ஈசாப் கதைகளைப் படங்களோடு கொடுக்கலாம் என்று அவர் பரிந்துரைத்ததும் குறிப்பிடத்தக்கது. லாக் பேயைக் குறித்துச் சொன்னதை நல்லொழுக்கக் கதைக்கும் நீட்டலாம்: படுக்கையோடு பிணைந்துவிட்ட குற்ற உணர்வும் எளிதில் பிரிவதில்லை.

இவற்றுக்கு மாறாக, எந்தப் பாடமும் சொல்லாத ஒரு நூலை அருகிலிருந்து பார்ப்பது தகும். மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதி, கிளெமென்ட் ஹர்ட் படம் வரைந்து, 1947இல் நியூயார்க்கில் வெளிவந்த ‘குட்நைட் மூன்’ நூலில் கதை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. பச்சைச் சுவர்கள் கொண்ட அறையில் ஒரு முயல் குட்டி படுத்திருக்கிறது. முதலில் அறையிலுள்ள பொருள்கள் பெயர் சொல்லப்படுகின்றன, பிறகு அவை ஒவ்வொன்றிடமும் விடைபெறுவது நடக்கிறது. சீப்பு, தூரிகை, கஞ்சிக் கிண்ணம், கையுறை என நீளும் அந்த வரிசை கத்தோலிக்க வழிபாட்டின் மன்றாட்டுமாலையை, அதாவது பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அழைத்து ஒரே மறுமொழியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் வேண்டலை, வடிவில் ஒத்திருக்கிறது. வண்ணப் பக்கங்களும் கறுப்பு வெள்ளைப் பக்கங்களும் மாறி மாறி வருகின்றன. வண்ணப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அறை சற்று இருண்டிருக்கிறது, கடிகாரம் ஏழு மணியிலிருந்து எட்டு பத்து வரை சிறிது சிறிதாக நகர்கிறது, ஒரு சுண்டெலி இடம் மாறி நிற்கிறது. சொற்கள் எலியின் இந்த இடமாற்றத்தைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. வாசிக்கும் பெரியவர் வரிகளில் கண் வைத்திருக்க, எலியைக் கண்டுபிடிப்பவர் குழந்தைதான். இடையே ஒரு பக்கம் முற்றிலும் வெறுமையாக வருகிறது; அங்கே யாருமில்லாத எவருக்கோ இரவு வணக்கம் சொல்லப்படுகிறது. இன்மைக்கும் ஒரு வணக்கம் வைத்த அந்த வெள்ளைப் பக்கத்தைச் சூனியம் குறித்த தத்துவ நூல்கள் பொறாமையோடுதான் பார்க்க வேண்டும்.

நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பிரிவை நீண்ட காலம் நடத்தி ஓய்வுபெற்ற பின்னும் செல்வாக்கோடு இருந்த ஆன் கேரல் மூருக்கு இந்நூல் பிடிக்கவில்லை. 1972 வரை அந்நூலகம் அதை வாங்கவே இல்லை. மூர் அறிவுரை நூல்களின் ஆதரவாளர் அல்லர், தேவதைக் கதைகளின் காவலர் என்பதுதான் இதிலுள்ள முரண். குழந்தையின் இன்பத்தை மதித்த ஒருவரே, எத்தகைய இன்பம் உயர்ந்தது என்னும் தம் முன்முடிவால், தமக்குப் பழக்கமில்லாத இன்பத்தை அடையாளம் காணத் தவறினார்.

பயனற்ற செயல் எப்படிப் பொருளுள்ளதாகும் என்னும் ஐயத்துக்கு வேதாந்தத்தில் நேரடியான விவாதம் உண்டு. எந்தக் குறையும் இல்லாத பிரம்மம் ஏன் உலகைப் படைக்க வேண்டும், நோக்கமில்லாமல் அறிவுடையவர் எவரும் செயல்படுவதில்லையே என்னும் தடையைப் பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் எழுப்பி, அது லீலை, அதாவது விளையாட்டு, என்று விடை தருகிறது. மூச்சு விடுவதைப் போல அது இயல்பிலேயே நிகழ்வது என்று சங்கரர் விளக்கினார். எல்லாம் வாய்த்த அரசன் பந்தாடுவதை இராமானுசர் எடுத்துக்காட்டினார். கம்பரின் கடவுள் வாழ்த்தும் ஆக்கலையும் காத்தலையும் அழித்தலையும் விளையாட்டாகவே போற்றுகிறது. குறையை நிரப்புவதற்காகச் செய்யப்படும் செயலைவிட நிறைவிலிருந்து பெருகும் செயல் தாழ்ந்ததன்று, மாறாக உயர்ந்தது என்பதே இந்த விடையின் உட்பொருள். மனிதத் தளத்தில் அதற்கு மிக அருகில் வருவது, அன்றைய வேலை அனைத்தும் முடிந்து, ஈட்ட வேண்டியது எதுவும் மீதமில்லாத வேளையில் இருவர் ஒரு படத்தைப் பார்த்துச் சிரிப்பதாகும். நியூபெரியின் பந்துக்கும் இராமானுசரின் பந்துக்கும் உள்ள தூரம் இதுதான்.

நேற்று வாசித்த அதே நூலை இன்றும், ஒரு சொல் மாறாமல், வாசிக்கும்படி குழந்தை அடம்பிடிப்பதற்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. பெரியவர்கள் ஒரு வேடிக்கையை இரண்டாம் முறை கேட்டுச் சிரிப்பதில்லை, குழந்தையோ அதையே அச்சு மாறாமல் திரும்பக் கேட்கிறது என்பதைப் பிராய்டு 1920இல் எழுதிய நூலில் கவனித்திருக்கிறார். 1908இல் ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் இதே பழக்கத்தைச் சமய நோக்கில் எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப நிகழ்வதில் சலிப்பது உயிர்ப்பின் குறைவே என்றும், சூரியன் நாள்தோறும் எழுவது இறைவனுக்கு அதில் இன்னும் அலுக்காததால் இருக்கலாம் என்றும் வாதிட்டார். தகவலைப் பெறுவதற்காகக் கேட்கும் கதை முதல் முறையோடு தீர்ந்துவிடுகிறது. ஐம்பதாம் முறையும் கேட்கப்படும் கதை வேறு எதற்காகவோ கேட்கப்படுகிறது. ஆகவே நூலைத் தேர்ந்தெடுப்பவர் முதல் வாசிப்பின் சுவையை நம்பாமல், வாய்விட்டுப் பலமுறை படித்தாலும் நாக்கு இடறாத வாக்கியங்களும், ஒவ்வொரு முறையும் புதிதாக எதையேனும் தேட இடம் தரும் படங்களும் உள்ளனவா என்று பார்ப்பது நல்லது.

கருவி மனப்பான்மை அறிவுரையின் உருவத்தில் மட்டும் வருவதில்லை. 2015 வாக்கில் பல நாடுகளில் பரபரப்பாக விற்பனையான ஒரு சுவீடிய நூல், உறங்க விரும்பும் முயலின் கதையைச் சொல்லியபடி, எங்கே குரலை அழுத்த வேண்டும், எங்கே மெதுவாகப் படிக்க வேண்டும், எங்கே கொட்டாவி விட வேண்டும் என்றெல்லாம் வாசிப்பவருக்கு வழிகாட்டியது. களைத்துப்போன பெற்றோரின் நிலையை அறிந்தவர் எவரும் அதை எள்ளி நகையாட மாட்டார்கள். ஆனால் எவ்வளவு விரைவில் கேட்கப்படாமல் போகிறதோ அவ்வளவு வெற்றி என்று அமைந்த நூல், புத்தக உருவிலுள்ள மருந்தே. மருந்துக்கு அதன் இடம் உண்டு, அந்த இடம் வேறு.

இன்பம் என்பதை இதமான உணர்வு என்று மட்டும் சுருக்கிவிடவும் கூடாது. பிராங்பர்ட் மருத்துவர் ஹாப்மன் தம் மூன்று வயது மகனுக்காக எழுதி, 1845இல் அச்சான ‘ஸ்ட்ரூவெல்பீட்டர்’ என்னும் ஜெர்மன் படநூலில், விரல் சூப்பும் சிறுவனின் கட்டைவிரல்களைத் தையற்காரர் ஒருவர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார். மாரிஸ் செண்டாக்கின் 1963இல் வெளிவந்த ‘வேர் த வைல்டு திங்ஸ் ஆர்’ நூலிலும் அச்சம் உண்டு: குறும்பு செய்த மேக்ஸ் இரவு உணவின்றிப் படுக்கைக்கு அனுப்பப்பட்டு, கோரைப்பற்கள் கொண்ட விலங்குகளின் நாட்டுக்குப் போய் அவற்றுக்கு அரசனாகிறான். வெள்ளை ஓரங்களுக்கிடையே சிறிதாகத் தொடங்கும் படங்கள் பக்கத்துக்குப் பக்கம் பெருகி, கூத்து உச்சமடையும் இடத்தில் சொல்லே இல்லாமல் இரு பக்கங்களையும் நிரப்புகின்றன; பின்னர் சுருங்குகின்றன. கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது, அறையில் காத்திருந்த உணவு இன்னும் சூடாக இருந்ததைச் சொல்லும் சில சொற்கள் மட்டும் உள்ளன. உணவின்றி அனுப்பப்படுவது தாயால் கைவிடப்படும் அச்சத்தைத் தூண்டும் என்று உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் ஓர் இதழில், தாய்மார் சொன்னதைக் கேட்டுக் கண்டித்தார். அந்தச் சூடான உணவை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது. ஹாப்மனின் அச்சம் கட்டளைக்குக் காவல் நிற்கிறது, செண்டாக்கின் அச்சம் திரும்பி வரும் வழியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. உறங்கும் நேரத்துக்குப் பொருந்துவது பின்னதே.

இத்தனைக்கும் பிறகு பிளேட்டோவின் தடை வலுவிழந்துவிடவில்லை. இன்பமும் கற்பிக்கிறது, தான் கற்பிப்பதைச் சொல்லாமலே கற்பிக்கிறது. பிரெஞ்சு ஓவியர் ழான் தெ பிரூனோப் 1931இல் வெளியிட்ட பபார் யானையின் கதை, அவர் மனைவி தம் பிள்ளைகளுக்கு இரவில் சொன்ன கதையிலிருந்தே பிறந்தது. வேடனால் தாயை இழந்த யானைக்குட்டி நகரத்துக்கு ஓடி, செல்வந்தரான மூதாட்டியின் பணத்தில் உடுப்பு வாங்கி, நாகரிகம் கற்று, காட்டுக்குத் திரும்பி அரசனாகிறது. பெரிய பக்கங்களும் தெளிந்த வண்ணங்களும் தரும் மகிழ்ச்சி மறுக்க முடியாதது. காட்டைக் காலனி ஆட்சியின் கண்ணால் பார்க்கக் குழந்தையைப் பழக்குகிறது என்று சிலி எழுத்தாளர் ஏரியல் டோர்ப்மன் 1983இல் வைத்த குற்றச்சாட்டும் மறுக்க எளிதன்று.

இங்கே தேர்வதற்கான காரணத்தையும் விலக்குவதற்கான காரணத்தையும் வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு நூல் தீங்கான பார்வையைப் பழக்குகிறது என்பது அதை விலக்கப் போதிய காரணமாகலாம். ஆனால் அதிலிருந்து, நல்ல பார்வையைப் பழக்குவதே ஒரு நூலைத் தேர்வதற்கான காரணம் என்னும் முடிவு பிறக்காது. விருந்துக்கு அழைப்பவர் நஞ்சு இல்லை என்பதை உறுதி செய்துகொள்கிறார், ஆயினும் நஞ்சின்மையை நோக்கி அவர் சமைப்பதில்லை. பிளேட்டோ பேசியது விலக்கலைப் பற்றி. நியூபெரி அதைத் தேர்வின் அளவுகோலாக்கினார். இன்றைய பின்னட்டைகள் நியூபெரியின் வழியில் வந்தவை. பபாரை விலக்குவதா என்பதும் ஒரே விடை கொண்ட கேள்வியன்று. வேடன் ஏன் சுட்டான், பபார் ஏன் உடனே கடைக்குப் போனது என்று நான்கு வயதுக் குழந்தை கேட்கக்கூடும். இரவு எட்டரை மணிக்கு அதற்கு நேர்மையான விடை சொல்லத் தொடங்கினால் விளக்கை அணைக்க முடியாது, ஆனால் பள்ளி விடுமுறை நாளின் காலையில் அதே நூலை விரித்து வைத்துக்கொண்டு சுவையான வாக்குவாதம் ஒன்றையே நடத்தலாம்.