துருவை மறைக்கும் பட்டி



இரும்பு, அல்லாஹுதஆலா மனிதனுக்கு அருளிய பெரும் நிஃமத்துகளில் ஒன்று. ‘அல்ஹதீத்’, அதாவது ‘இரும்பு’ என்ற பெயரிலேயே திருக்குர்ஆனில் 57-வது அத்தியாயம் அமைந்திருக்கிறது. இத்தனை உறுதியான இரும்புக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஈரமும் காற்றும் சேர்ந்து தீண்டினால் அது துருப்பிடித்துவிடும். உப்பும் கூடிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இந்த அரிமானத்தை ஆராயும் பெரிய நிலையம் ஒன்று நம் செட்டிநாட்டிலேயே இருக்கிறது. கோட்டையூர் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-ல் திறக்கப்பெற்ற காரைக்குடி ‘சிக்ரி’தான் அது. கடற்காற்றில் உலோகங்கள் படும் பாட்டை அறிய மண்டபத்தில் அதற்கொரு சோதனைக்களமும் உண்டு.

நாம் இங்கே பேச வருவது பள்ளத்தூர், புதுவயல் வட்டாரத்தில் அன்றாடம் காணும் பழைய பிக்கப் வண்டியின் துருவைப் பற்றித்தான். அரிசி மூட்டை ஏற்றும் வண்டி. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டி. ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தளத்தின் இடுக்குகளில் இறங்கித் தங்குகிறது. கதவின் அடியில் நீர் வடிவதற்காக விட்ட துவாரங்களைச் சேறு அடைத்துக்கொள்கிறது. வெளியே பெயிண்ட் பளபளத்துக் கொண்டிருக்கும்போதே தகடு உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு நாள் பெயிண்ட் கொப்புளமாக எழும்புகிறது. அப்போது விரலால் அழுத்தினால் தகடு பொத்துப்போவதும் உண்டு.

இதைச் சீர்செய்யும் நேர்மையான முறை டிங்கர் வேலை தெரிந்த எவருக்கும் தெரியும். கெட்ட தகட்டை, நல்ல இரும்பு தென்படும் வரை வெட்டி எடுக்க வேண்டும். அதே கனமுள்ள புதுத் தகட்டை வெட்டி வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். தேய்த்துச் சமப்படுத்தி, பிரைமர் அடித்து, மேடு பள்ளம் தெரியாமலிருக்க மெல்லிய பட்டி பார்த்து, பிறகே பெயிண்ட் அடிக்க வேண்டும். உட்பக்கத்திலும் துரு தடுக்கும் பூச்சு இட வேண்டும். இதற்கு நாளும் ஆகும், பணமும் ஆகும்.

குறுக்கு வழியும் ஒன்று உண்டு. துருவை அப்படியே விட்டு, ஓட்டையில் எதையாவது திணித்து, மேலே பட்டியைக் கனமாக அப்பி, உப்புத்தாளால் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிடுவது. வண்டி மணப்பெண்ணைப் போல் ஜொலிக்கும். ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சும். உள்ளே இருக்கும் துரு ஓயாது. ஒரு மழைக்காலம் கழிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்குள் வண்டி கைமாறியிருக்கும்!

வாங்கியவர் யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற ஓர் ஏழைக் குடும்பஸ்தர்தான். வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்து, இந்த வண்டியால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியவர். சேஸிஸிலேயே துரு இருந்து, அதையும் பெயிண்ட் மறைத்திருந்தால், பாரம் ஏற்றிச் செல்லும் வழியில் அவருடைய உயிருக்கே ஆபத்து. அவர் இழப்பது பணம் மட்டுமா?

நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் ஈரமானதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். தானியம் நனைந்தது அவருடைய குற்றமன்று, மறைத்ததே குற்றம். வண்டி துருப்பிடித்ததும் குற்றமன்று. துருவைப் பட்டியால் மூடிக்கொண்டு ‘சுத்தமான பாடி’ என்று விலை பேசுவதே குற்றம்.

பொறுப்பு விற்பவரோடு முடிந்துவிடுவதில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்ற கிதாபில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சியைப் பாருங்கள். ஒருவர் 300 திர்ஹத்துக்கு ஓர் ஒட்டகத்தை விற்றார். அருகில் நின்ற நபித்தோழர் வாஸிலா (ரலி) அவர்கள், வாங்கியவர் புறப்பட்டுப் போனதை அறிந்ததும் பின்னால் ஓடிச்சென்று, இறைச்சிக்கா, சவாரிக்கா என்று விசாரித்தார்கள். சவாரிக்கு என்றதும், அதன் குளம்பில் ஓட்டை இருப்பதைத் தாம் கண்டதாகவும், அது தொடர்ந்து நடை தாங்காது என்றும் எடுத்துச் சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விலையில் 100 திர்ஹம் குறைந்தது. விற்றவர் கோபித்துக்கொண்டபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நன்மையே நாடுவதாக நபியவர்களிடம் பைஅத் செய்திருப்பதாக அவர்கள் பதிலளித்தார்கள்.

வாஸிலா (ரலி) அவர்கள் விற்றவருமல்லர், தரகருமல்லர். பக்கத்தில் நின்றவர், அவ்வளவுதான். அப்படியிருக்க, துருவைத் தம் கையாலேயே மூடிய டிங்கரும், அதை அறிந்தே கமிஷன் வாங்கும் தரகரும், ‘நமக்கேன் வம்பு’ என்று வாய்மூடி நிற்கும் நாமும் எப்படித் தப்ப முடியும்? டிங்கர் வேலை ஹலாலான, கண்ணியமான தொழில். பட்டி பார்ப்பதிலும் தவறில்லை. வாங்குவோர் கண்ணை மறைப்பதற்கென்று பார்க்கும் பட்டிதான் அந்தக் கூலியில் பரக்கத்தை இல்லாமல் ஆக்குகிறது.

மறைந்திருந்த குறை பின்னர் தெரிய வந்தால், பொருளைத் திருப்பிக் கொடுக்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்பது ஷரீஅத் சட்டம். ஃபிக்ஹு கிதாபுகளில் இதனை ‘கியாருல் ஐப்’ என்பார்கள். ‘பார்த்துத்தானே வாங்கினீர்’ என்று, பார்க்க முடியாதபடி மூடியவர் சொல்வது நியாயமாகாது.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். செய்த தீவினைகள் உள்ளங்களின் மேல் துருவாகப் படிவதைத் திருக்குர்ஆன் 83-வது அத்தியாயத்தின் 14-வது வசனத்தில் குறிப்பிடுகிறது. அந்த அத்தியாயம் எதைக் கொண்டு தொடங்குகிறது தெரியுமா? அளவையில் மோசடி செய்வோருக்குரிய கேட்டைக் கொண்டுதான்! வியாபார மோசடியும் உள்ளத்தின் துருவும் ஒரே அத்தியாயத்தில் இடம்பெற்றிருக்கின்றன. வண்டியில் நாம் மறைத்த துரு எங்கும் போய்விடவில்லை; நம் கல்பில் வந்து ஏறிக்கொண்டது.

அதைப் போக்க வழி தவ்பாதான். பாவத்தை விடுவது, வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது என மூன்று ஷர்த்துகள் அதற்கு உண்டு. அடியார்களின் ஹக்கு சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக, அந்த ஹக்கை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஏமாற்றி வாங்கிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தஸ்பீஹ் மணியை உருட்டி இஸ்திஃபார் ஓதுவது, துருவை வெட்டாமல் மேலே பட்டி பூசுவதற்கு ஒப்பானதே. முன்பு அப்படி விற்றிருந்தால் வாங்கியவரைத் தேடிச் சென்று உண்மையைச் சொல்லி, நஷ்டத்தை ஈடுசெய்து, மன்னிப்புப் பெறுவோமாக. இனி விற்கும்போது, இன்ன இடத்தில் துரு, இன்ன இடத்தில் தகடு மாற்றியது என்று வாய்விட்டுச் சொல்வோமாக. விலை சற்றுக் குறையலாம், பரக்கத்து குறையாது.

வாங்குவோரும் விழிப்பாக இருக்க வேண்டும். துணி சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்திப் பார்த்தால், பட்டி கனமாக உள்ள இடத்தில் அது ஒட்டாது. வைத்திருப்போர், உப்பு ஏற்றினாலும் மீன் ஏற்றினாலும் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தையும் கழுவி, வடிதுவாரங்களைத் திறந்துவிட வேண்டும். சிறு கொப்புளத்தை அன்றே சுரண்டிச் சீர்செய்தால் தகடு தப்பும். சிறு பாவமும் அப்படித்தான்.

தாய்மார்களே! வண்டி நல்ல விலைக்குப் போயிற்று என்று வீட்டுக்காரர் பணத்தைக் கொண்டுவந்து தரும்போது, ‘குறையைச் சொல்லித்தானே விற்றீர்கள்?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பணத்தில்தான் உங்கள் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டப்போகிறீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, நம் கல்புகளைத் துருவிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.